கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரம்

நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் ஆறு வருடம் என் வேலையாக இருந்தது. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். "ஊர்ல எல்லாருக்கும் வேலை கெட்ச்சிட்டா உன் வேலை பூடும்" என்பார். எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டாலும், கிடைத்ததா என்று யாராவது போய்க் கேட்கத்தானே வேண்டும் என்று நானும் விடாமல் பதில் சொல்வேன். வெளியில் இப்படி வாயடித்தாலும் உள்ளே பயம் உண்டு. அது வருடத்துக்கு ஒரு முறை நீட்டிக்கப்படும் ஒப்பந்த வேலை. நீட்டிப்புக் கடிதம் வரும் வரை ஒவ்வொரு வருடமும் தபால்காரரின் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, பையில் தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என் எல்லை. பட்டியலில் வந்த வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் நான்கு முறை போக வேண்டும். முதல் முறை நம்மை லோன் வசூலிக்க வந்தவள் என்று நினைப்பார்கள். இரண்டாம் முறை டீ கொடுப்பார்கள். நான்காம் முறை போகும்போது வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள்.

எத்தனையோ கேள்விகள் இருந்தாலும் உயிரான கேள்வி ஒன்றுதான். கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது சம்பாத்தியத்துக்காக வேலை செய்தீர்களா? செய்தேன் என்றால் அவர் வேலையில் இருப்பவர். செய்யவில்லை, ஆனால் தேடுகிறேன் என்றால் வேலையில்லாதவர். செய்யவும் இல்லை, தேடவும் இல்லை என்றால் அவர் இரண்டு கணக்கிலும் சேர மாட்டார். பயிற்சி வகுப்பில் நான் கையைத் தூக்கி, "வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேலை செய்தால் வீட்டில் அடுப்பு எரியுமா சார்?" என்று கேட்டேன். அடுப்பு எரிகிறதா என்பது வேறு கணக்கெடுப்பு, உட்காருங்கள் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். விட்டால் நானே தேடுகிறவர்கள் பட்டியலில் சேர வேண்டும் என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

மறைமுக வேலையின்மை என்றால் பாடப்புத்தகத்தில் வயலை உதாரணம் சொல்வார்கள். இரண்டு பேர் செய்யக்கூடிய உழவை ஐந்து பேர் செய்வார்களாம். வடசென்னையில் வயலுக்கு எங்கே போவது? வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடை இருக்கிறது, அது போதும். அண்ணன் தம்பி நான்கு பேர். ஒருவர் துணியை அளப்பார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் மடித்துப் பையில் போடுவார், நான்காமவர் வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பார். வார்த்தையை மென்று மென்று, உங்கள் வேலை என்ன பாய் என்று அவரிடம் கேட்டேன். "நான் இங்க ஒக்காரலைன்னா கஸ்டமர் உள்ளயே வர மாட்டான்மா" என்று கோபித்துக்கொண்டார். வாரம் எழுபது மணி நேர வேலை என்று பதிவு செய்தேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர், துறைமுக வரிசையில் மூன்று நாள் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். "ஓட்னது பத்து நிமிஷம், மத்த நேரம் வண்டிக்கு அடியில துண்ட விரிச்சி தூங்கனேன், இது வேலையா இல்லியான்னு நீயே சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. டேப்லெட் சொன்னது, வேலைதான் என்று.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்த என்னை, ராயபுரத்தில் ஒரு வீடு நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டது.

ரயில் நிலையத்திலிருந்து கடல் பக்கம் போகும் தெருவில் குறுகலான படி ஏறினால் ஓர் அறை, ஒரு சமையலறை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. ஆடி மாதத்தில் ஒரு நாள், பதினொன்றரை மணிக்கு நான் முதல் முறை போனபோது மனைவி மட்டும் இருந்தாள். தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள். வீட்டில் இல்லாதவருக்காக இருப்பவர் பதில் சொல்லலாம் என்பது விதி. அவள் கணீரென்று சொன்னாள்.

"எங்கூட்டுக்காரு திருவொத்தியூர்ல கம்பெனி. மிஷின் பார்ட்ஸு செய்ற எடம். பத்தொம்போது வர்சமா அங்கதான். பர்மனென்ட்டு. காலைல எட்டு மணிக்கு டப்பா எட்துகினு போனா ராவாயிடும் வர்றதுக்கு."

"நீங்க?"

"நான் இன்னா பண்றேன்? வூட்ல சும்மா கீறேன்."

இந்தச் 'சும்மா' என்ற சொல்லை நான் ஒருநாளும் அப்படியே எழுதிக்கொள்வதில்லை. பூ கட்டுகிறவள், இட்லி மாவு அரைத்து விற்கிறவள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் எல்லோரும் என்னிடம் முதலில் சும்மா இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் விரல்களைப் பார்த்தேன். நுனிகள் ஊறி வெளுத்து, அங்கங்கே குத்துப்பட்ட சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. தண்டையார்பேட்டையில் பிறந்து காசிமேட்டு மீன் தின்று வளர்ந்தவள் நான். அது என்ன புள்ளி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இறால் உரிக்கப் போறீங்களா?" என்றேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "மெல்லப் பேசு எக்கா. அது அந்தாண்ட போனதும் நானும் கெளம்பிடுவேன். பதினோரு மணிக்குள்ள வந்து, வாசன போவ குளிச்சிட்டு ஒக்காந்துப்பேன். அதுக்குத் தெரிஞ்சா பேஜாரு. கம்பெனிக்காரன் பொண்டாட்டி இறால் உரிக்கப் போவுறாளான்னு பொலம்பும்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். "இப்பதான், கொஞ்ச நாளா. பொயுது போவல, அதான்" என்றாள். அவளையும் வேலையில் இருப்பவள் என்று பதிவு செய்தேன். நீங்கள் சொன்னது வெளியே போகாது, வீட்டு ஆளிடம் கூடப் போகாது என்று வழக்கம்போல் உறுதி சொன்னேன். என் தொலைபேசி எண் அச்சடித்த துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் அவள் கணவர் போன் செய்தார். "மேடம், நம்ம வூட்டாண்ட வந்துட்டுப் போனீங்களாமே. உங்கள நேர்ல பாக்கணும். வூட்ல வாணாம், ஸ்டேஷன்ல."

மறுநாள் ராயபுரம் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தேய்த்த நீலச் சட்டை, பையில் டிபன் டப்பா, மழுங்கச் சவரம் செய்த முகம். கம்பெனிக்குப் போகிறவர் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கவர்மென்ட்டுக்குப் பொய் தகவல் குட்த்தா உள்ள போட்ருவாங்களா?" என்பது. டீக்கடையில் யாரோ அப்படிச் சொல்லிப் பயம் காட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறால் விஷயம் தெரிந்துபோய் அதற்காக வந்திருக்கிறாரோ என்றும் ஒரு கணம் திக்கென்றது. இல்லை, இது அவருடைய விஷயம்.

"கம்பெனிய மூடிட்டாங்கோ மேடம். ரெண்டு மாசம் ஆவுது. வூட்ல தெரியாது. டெய்லி டப்பா எட்துகினு கெளம்புறேன். திருவொத்தியூர்ல எறங்கி அப்டியே சுத்தினு கீறேன். அவகிட்ட சொல்லலாம்னு டெய்லி நெனச்சிகினு வூட்டுக்குப் போறேன். அவ மூஞ்சப் பாத்தா வாய் வர மாட்டேங்குது."

பேசிக்கொண்டே சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் எடுத்துவைத்தார், நான் வேண்டாம் என்றேன். சாப்பிட்டு முடித்ததும் டப்பாவைக் குழாயடியில் கழுவி, கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுப் பையில் வைத்தார். செய்ய வேறு ஒன்றும் இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சொன்னார்: "மொதல் ஆளா உங்ககிட்டதான் சொல்றேன். அந்த மிஷின்ல எய்திக்கோங்க மேடம், இவனுக்கு வேலை இல்லன்னு. எங்கனா ஒரு எடத்துலயாச்சும் உண்மை இருக்கட்டும்."

எத்தனையோ பேர் என்னிடம் வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதை எழுதிவைக்கச் சொல்லி என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான். டேப்லெட்டைத் திறந்து முந்தைய பதிலை அழித்துவிட்டு முறைப்படி கேட்டேன், கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று.

"செவ்வாக்கெயம சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல ஒரு லாரி கம்பி எறக்கனேன். ஆள் கொறையுதுன்னு கூப்ட்டான். ஒரு ரெண்டு மணி நேரம் இருக்கும்."

என் விரல் அப்படியே நின்றது. அதைப் பார்த்து அவர், "இன்னா மேடம்?" என்றார்.

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். செய்தாரா, இல்லையா என்றார். செய்தார் சார் என்றேன். எத்தனை மணி நேரம்? இரண்டு. "ஒன்றே போதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். நிரந்தர ஊழியர் என்று இருந்ததைத் தினக்கூலி என்று மாற்ற மட்டும்தான் என்னால் முடிந்தது. அரசாங்கக் கணக்கில் உங்களுக்கு வேலை இருக்கிறது என்று அவரிடம் எப்படியோ சொல்லி முடித்தேன்.

"இன்னா அக்குறும்பா கீது! எனக்கு வேலை இல்லன்னு நானே சொல்றேன். கீதுன்னு நீ சொல்ற. அப்ப நாளிக்கிக் காலைல நான் எங்க போணும்னும் அந்த மிஷினயே கேட்டு சொல்லு!"

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மாதம் மனதில் வைத்திருந்ததை ஒருவர் தைரியமாக எடுத்துச் சொன்னால், அதைச் செல்லாது என்று திருப்பிக் கொடுத்தது போல் ஆகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ கொஞ்ச நேரத்தில் தானே சிரித்துவிட்டார். "வுடுங்க மேடம். அட்த்த தபா நீங்க வர்றதுக்கு முந்தின வாரம் கம்பியத் தொடவே மாட்டேன்" என்றார். அப்படியெல்லாம் செய்யாதீர்கள் என்று பதறினேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். கம்பெனியை இழந்த ஒருவர், இறால் கொட்டகையில் உட்கார்ந்து உரிக்கும் ஒருத்தி. என் டேப்லெட்டில் அந்த வீட்டில் வேலையின்மை பூஜ்யம். இரண்டு பேரும் வேலையில் இருக்கிறார்கள், அதுவும் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமல்.

அடுத்த மூன்று மாதமும் அந்த வீடு என் மண்டையைக் குடைந்தது. அடுத்த முறை போகும்போது இரண்டு பேரும் வீட்டில் இருந்துவிட்டால்? இருக்கிறவர் தனக்குத் தானே பதில் சொல்ல வேண்டும், அதுதான் விதி. மனைவிக்கு முன்னால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். அவருக்குத் தன் வாயால் சொல்ல ஒரு நேரம் வாய்க்க வேண்டும், என் கேள்வி அதைப் பிடுங்கிவிடக் கூடாது. அதற்குள் அவருக்கு எங்காவது ஒரு வேலை கிடைத்துவிட வேண்டும் என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன். எனக்கென்று வேண்டிக்கொள்ளக்கூட மறந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அந்தப் படி ஏறினேன். இரண்டு பேரும் இருந்தார்கள். அவர் லுங்கியோடு நாற்காலியில், அவள் அடுப்படியில். டிபன் டப்பா அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தது.

"நான் அப்புறம் வரட்டுமா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? இந்த மயைல மறுபடி வருவியா? ரெண்டு பேரும் கீறோம், கேட்டுனு போ எக்கா" என்று சொல்லி அவள் டீ போடத் திரும்பினாள்.

நான் வேண்டுமென்றே சுற்றி வளைத்தேன். வாடகை வீடா, எத்தனை அறை, மகள் எங்கே இருக்கிறாள் என்று ஏற்கெனவே பதிவான கேள்விகளையெல்லாம் திரும்பக் கேட்டேன். டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன், பழைய பதில் அவள் கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று. கடைசியில் கேட்க வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவள் முதுகைப் பார்த்தார். கம்பெனி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நான் பிறகு போனில் கேட்டுத் திருத்திக்கொள்கிறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"எனக்கு வேலை இல்ல மேடம்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது. "கம்பெனி மூடி கெடக்கு."

அடுப்படியில் கரண்டி டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தது.

என் வாய் தானாகவே கேட்டது. "கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது..."

"சாத்தாங்காடு பூரா தண்ணி. லாரியே வர்ல. ஒரு மணி நேரங்கூட இல்ல. இந்த தபா எய்துங்க!"

"தேடுகிறீர்களா?"

"தேடிகினுதான் கீறேன்."

"எத்தனை மாதமாக வேலை இல்லை?"

அங்கே அவருக்குத் தைரியம் கொஞ்சம் குறைந்தது. "அது... ஒரு ரெண்டு மாசமா..." என்று இழுத்தார். எனக்கே தெரியும் அது பொய் என்று. ஆடியிலேயே இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் இரண்டு என்று தட்டுவதா, ஐந்து என்று தட்டுவதா என்று திண்டாடிக்கொண்டிருந்தபோது, அடுப்பைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"அஞ்சு மாசம். கரீட்டா எய்திக்கோ எக்கா."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒனக்கு எப்டி..."

"பத்தொம்போது வர்சமா டப்பாவ பருக்கையும் கொழம்புமா அப்டியே கொண்டாந்து கடாசுவ. நான் திட்டினேதான் கய்வுவேன். திடீர்னு ஒரு நாளு பளபளன்னு கய்வி, தொட்ச்சி எட்தாந்த. எந்தக் கம்பெனில்யா டப்பா கய்வ டைம் குடுக்குறான்? அன்னிக்கே தெரியும். ஆயுத பூஜைக்கு வர்சா வர்சம் மிஷினப் பாக்க என்னையும் இஸ்துகினு போவ. இந்த வர்சம் வூட்டாளுங்கள வுட மாட்டாங்கன்னு சொல்லிட்டு, மார்க்கெட்டு பொரிய வாங்கியாந்து கம்பெனி பொரின்னு குட்த்த. அதயும் வாய மூடினு துன்னேன்."

"அப்பவே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டுட்டா மறுநாளு காலைல நீ எங்க போவ? டப்பாவ எட்துகினு போறதுக்குன்னாச்சும் ஒரு எடம் இருக்கட்டும்னு வுட்டேன்" என்றாள். டீயைக் கொண்டுவந்து எனக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றும் கொடுத்தாள்.

அவர் டீயை வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். தலையைக் குனிந்து டேப்லெட்டில் ஐந்து என்று தட்டினேன். ஒரு வாய் டீ குடித்ததும் அவர் குரல் திரும்பி வந்தது.

"சரி, இவளுக்கு இன்னா எய்தி வச்சினு கீறீங்க மேடம்?"

டேப்லெட்டை மறுபடியும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வீட்டு ஆளிடம் கூடச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான்.

"இறால்னு எய்துங்க. நாலு மாசமா எங்கூட்டு ரசத்துலகூட இறால் வாசன அடிக்குது. வூட்ல சும்மா கீறாளாம்!"

அவள் கையில் இருந்த பிடிதுணியை அவர் மேல் விட்டெறிந்தாள். மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆக, அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இல்லை. அது தெரியாமல் இருந்தது அரசாங்கத்துக்கும் எனக்கும் மட்டும்தான். அன்றைக்குத்தான் டேப்லெட்டில் இருந்ததும் வீட்டில் இருந்ததும் ஒன்றாக இருந்தன: மனைவி வேலையில் இருப்பவள், கணவர் வேலையில்லாதவர், ஐந்து மாதமாக. சென்ற முறை வேலையில் இருந்தவர் இந்த முறை வேலையில்லாதவர் ஆனதற்குக் காரணம் என்ன என்று டேப்லெட் கேட்டது. 'மழை' என்று எழுதி அனுப்பினேன். மேலதிகாரியும் ஏற்றுக்கொண்டார்.

மூன்றாம் முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. இறால் கொட்டகையில் ஐஸ் உடைக்கும் மிஷின் பழுதாகி, அவள் சொல்லி இவர் போய்ச் சரிசெய்ய, இவரை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் காலையில் சேர்ந்தே போகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கொட்டகைக்கே போய், ஐஸ் தண்ணீரில் நின்றபடி கேள்விகளைக் கேட்டு முடித்தேன். டப்பாவை யார் கழுவுவது என்பதுதான் அப்போது அவர்களுக்குள் சண்டை.

போன வருடம் எனக்கு நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. டேப்லெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், சொல்கிறோம் என்றார்கள். மறுநாள் காலை வீட்டில் ஒன்றும் சொல்லாமல், எந்த யோசனையும் இல்லாமல் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதற்கு அடுத்த நாளும். மூன்றாம் நாள் ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, பத்தரை மணிக்கே சாப்பிட்டு முடித்துக் குழாயைத் திறந்தேன். டப்பாவில் விரல் பட்டதும் எனக்கு உறைத்தது, மூன்று நாளாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று. குழாயை மூடினேன். கழுவாத டப்பாவோடு நேராக வீட்டுக்குப் போனேன்.

ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறந்தார். டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"மூணு நாளு. நானும் எண்ணிகினுதான் கீறேன். உள்ள வா."